தோல் ஏட்டைத் திரையில் படிப்பது: இடைக்காலச் சுவடிகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஐரோப்பாவின் இடைக்காலச் சுவடிகளைப் படிக்க வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன்பு யாராவது கேட்டிருந்தால், விசா எடு, விமானம் ஏறு, கையில் அறிமுகக் கடிதத்தோடு நூலக வாசலில் நில் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு மதுரையிலோ மட்டக்களப்பிலோ வீட்டில் உட்கார்ந்தபடி, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பழைய ஒரு தோல் ஏட்டைப் பெரிதாக்கி, அதில் பேனா எங்கே அழுத்தியது, எங்கே மை தீர்ந்து மறுபடி தொட்டது என்று பார்க்கலாம். ஒரு பைசா செலவில்லை.

ஆனால் ஆர்வத்தோடு வருபவர்களில் பலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். முதல் நாளே ஐந்து மென்பொருள்களை நிறுவிவிட்டு, எதைப் படிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் இருப்பதுதான் காரணம். என் யோசனை இதற்கு நேர் எதிரானது. ஒரு சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பக்கம். முதலில் உங்கள் கண் அதைப் படிக்கட்டும், மென்பொருள் அப்புறம் வரட்டும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே சுவடியை வைத்துத்தான் சொல்லப் போகிறேன்.

எந்தச் சுவடி?

சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரத்தில் ஒரு பழைய மடம் இருக்கிறது. 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அதன் நூலகத்தில் 904 என்ற எண்ணுள்ள சுவடி பிரிஸ்கியனின் லத்தீன் இலக்கணம். பிரிஸ்கியன் 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் லத்தீன் கற்பித்தவர். அவருடைய நூலை 9ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துத் துறவிகள் படியெடுத்து, வரிகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் 9,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய ஐரிஷ் மொழியில் இருக்கின்றன. 1853இல் யோஹான் காஸ்பர் ஸோய்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பழைய ஐரிஷின் இலக்கணத்தை மீட்டெடுத்ததே இந்த மாதிரிக் குறிப்புகளை வைத்துத்தான்.

இலக்கண நூலும் அதற்கு வரிக்கு வரி உரையும் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அதனால்தான் தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தச் சுவடியை முதலில் காட்டுகிறேன். தங்க இலை ஒட்டிய ஓவியச் சுவடிகள் கண்ணுக்கு அழகு, ஆனால் அவை படிக்கிற பழக்கத்தைத் தருவதில்லை.

இந்தச் சுவடியைப் பார்க்க இ-கோடிசீஸ் என்ற தளத்துக்குப் போங்கள். சுவிட்சர்லாந்தின் சுவடிகளை இணையத்தில் வைப்பதற்காக ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய திட்டம் அது. ஊர்ப் பெயரில் சாங்க்ட் காலனையும் சுவடி எண்ணில் 904ஐயும் தேடி, 112ஆம் பக்கத்தைத் திறங்கள். பெரிதாக்காமல் ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். பெரிய எழுத்தில் மூலம் எங்கே ஓடுகிறது, சின்ன எழுத்தில் குறிப்புகள் எங்கே நிற்கின்றன, மையின் நிறம் எங்கெல்லாம் மாறுகிறது என்று கவனியுங்கள்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இலக்கணத்துக்குச் சம்பந்தமே இல்லாத நான்கு ஐரிஷ் வரிகள் இருக்கும். இன்றிரவு காற்று கடுமை, கடலின் வெள்ளைக் கூந்தலை அது கலைத்துப் போடுகிறது, அமைதியான கடலில் கொள்ளையடிக்க வரும் வைக்கிங் என்ற வடநாட்டு வீரர்களை நினைத்து இன்றைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவற்றின் பொருள். புயல் அடிக்கும் இரவில்தான் இதை எழுதின மனிதருக்கு நிம்மதி. அச்சுப் புத்தகத்தில் இந்தப் பாட்டைத் தனியாகப் படித்தால் இது ஒரு நல்ல பாட்டு, அவ்வளவுதான். லத்தீன் இலக்கணப் பாடத்தை ஒட்டி, அதே தோலில் அதைப் பார்க்கும்போதுதான் எழுதினவர் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும்.

முகவரியைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

தொடங்கிய புதிதில் நான் பிடித்த இடங்களையெல்லாம் திரையில் தெரிந்தபடியே படமாக வெட்டிச் சேமித்துக்கொண்டே போனேன். நான்கு மாதம் கழித்து ஒரு சுருக்கக்குறியை எங்கே பார்த்தேன் என்று தேடியபோது, எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட முந்நூறு படங்கள் இருந்தன. எந்தப் படம் எந்தச் சுவடி என்று தெரியவில்லை. பெரும்பாலானவற்றை அழிக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதலில் ஒரு விரிதாளைத் திறங்கள். ஊர், நூலகம், சுவடி எண், பக்கம், வரி, குறிப்பு வரிக்கு மேலா ஓரத்திலா, இணைப்பு, பார்த்த தேதி என எட்டுப் பத்திகள் போதும். பக்க எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பியச் சுவடிகள் பெரும்பாலும் இலைக் கணக்கில்தான் எண்ணப்படும். 56ஆம் இலையின் முன்புறம், 56ஆம் இலையின் பின்புறம் என்று சொல்வார்கள். நம் ஏடுகளின் கணக்கும் இதேதான். ஆனால் சாங்க்ட் காலன் சுவடிகளில் புத்தகம் போலப் பக்க எண்ணே போட்டிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் உங்கள் குறிப்பை நம்பித் தேடுகிறவர் வேறு பக்கத்துக்குப் போய்விடுவார்.

படங்களின் உரிமக் குறிப்பையும் அப்போதே படித்துவிடுங்கள். பல நூலகங்கள் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி தருகின்றன. உரிமம் இடம் கொடுத்தால் வேலை செய்கிற பக்கங்களின் நகலை உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது தாக்குதல் நடந்தபோது, அங்கே எண்ணிமமாக்கி வைத்திருந்த சுவடிகள் நீண்ட காலம் எவருக்கும் கிடைக்கவில்லை. இணைப்பை மட்டும் வைத்திருந்தவர்களின் வேலை அப்படியே நின்றது.

பத்து வரி, உங்கள் கையால்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரு பக்கத்தில் மூலத்தின் பத்து வரியை மட்டும் எடுத்து, நோட்டில் பேனாவால் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுத்துகளின் உருவம் பிடிபடுவதுதான் இப்போதைக்கு முக்கியம்.

அயர்லாந்துக்காரர்களின் சிறிய எழுத்து வடிவத்தில் ஆர் எழுத்தும் எஸ் எழுத்தும் அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டின் கால்களும் வரிக்குக் கீழே இறங்கும். வித்தியாசம் இரண்டாவது கோட்டில் இருக்கிறது. ஆர் எழுத்தில் அது வரியின் அடிவரை இறங்கி வெளியே வளையும், எஸ் எழுத்திலோ மேலேயே வளைந்து நின்றுவிடும். ஜி எழுத்துக்குத் தலை தட்டையாக இருக்கும். ஐ, என், எம், யு நான்கும் ஒரே மாதிரிக் குட்டைக் கோடுகளால் ஆனவை, எண்ணிப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். லத்தீன் அயர்லாந்துத் துறவிகளுக்குத் தாய்மொழி இல்லை, பாடம் கேட்டுக் கற்ற மொழி. அதனால் படிக்க வசதியாகச் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் அவர்களிடம் சீக்கிரமே வந்துவிட்டது. சொற்கள் ஒட்டி ஓடும் ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய நிம்மதி.

படியெடுக்கும்போது இருப்பதை இருந்தபடி எழுதுவதா, சரிசெய்து எழுதுவதா என்ற கேள்வி வரும். ஓலைச்சுவடி தெரிந்தவர்களுக்கு இது பழகிய கேள்வி. ஏட்டில் புள்ளி இருக்காது, எகர ஏகாரம் பிரிந்து தெரியாது, காலும் ரகரமும் ஒரே கோடாக நிற்கும். புள்ளி வைத்து எழுதினால் நீங்கள் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். தோல் ஏட்டிலும் அதே கதைதான். என் வழக்கம் இரண்டு கோப்புகள். ஒன்றில் கண் கண்டது, மற்றொன்றில் நான் புரிந்துகொண்டது. இரண்டையும் ஒன்றில் கலந்துவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது.

சுருக்கக்குறிகளும் கொண்டுகூட்டும்

பதனிட்ட தோல் விலை அதிகம். எழுதுகிற கைக்கும் வலி உண்டு. அதனால் இடைக்கால எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கினார்கள். உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் அங்கே ஓர் எம் அல்லது என் மறைந்திருக்கிறது. பி எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டினால் 'பெர்'. நம்முடைய 7 எண் போல ஒரு குறி வந்தால் அது 'எத்', அதாவது 'உம்'. பிரிக்கும் அடையாளத்தைப் போல மேலும் கீழும் புள்ளி வைத்த கோடு 'எஸ்த்', அதாவது 'ஆகும்'. இவை எல்லாவற்றுக்கும் கப்பெல்லி என்ற இத்தாலிய ஆவணக்காப்பாளர் 1899இல் வெளியிட்ட அகராதி இன்றும் கைவிளக்கு. அது இணையத்திலும் கிடைக்கிறது. இந்தக் குறிகளைக் கணினியில் தட்டச்சு செய்ய ஜூனிகோட் என்ற இலவச எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள், சாதாரண எழுத்துருக்களில் பாதி குறிகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும்.

சரி, இப்போது குறிப்புகளுக்கு வருவோம். பல குறிப்புகள் ஒரு புள்ளி, ஓர் ஐ, ஒரு புள்ளி என்று தொடங்கும். 'அதாவது' என்பதன் சுருக்கம் அது. நம் உரையாசிரியர்கள் 'என்றது' என்று எடுத்துத் தொடங்கும் அதே இடம்.

அப்புறம் எனக்கு இந்தச் சுவடியில் மிகவும் பிடித்த ஒன்று. சில லத்தீன் சொற்களின் மேலோ கீழோ சின்னப் புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். அழுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு சொல்லின் மேல் இரண்டு புள்ளி இருந்தால், அதே வாக்கியத்தில் தள்ளி இருக்கும் வேறு ஒரு சொல்லிலும் அதே இரண்டு புள்ளி இருக்கும். இந்தச் சொல்லை அந்தச் சொல்லோடு சேர்த்துப் படி என்று பொருள். இதுவேதான் நம் உரைகளில் வரும் கொண்டுகூட்டு. லத்தீனில் பெயரடை ஓரிடத்திலும் பெயர் வேறோரிடத்திலும் நிற்கும், மாணவன் தடுமாறுவான், ஆசிரியர் புள்ளி வைத்துக் கோத்துக் கொடுத்திருக்கிறார். கொண்டுகூட்டுப் பொருள்கோளைப் பள்ளியிலேயே படித்த ஒரு தமிழ் மாணவர் இந்தப் புள்ளிகளின் வேலையை ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார். படத்தை முழு அளவில் பெரிதாக்கி, எந்தப் புள்ளி எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று ஒரு வாக்கியத்துக்காவது கோடு போட்டுப் பாருங்கள்.

இயந்திரத்திடம் எப்போது கொடுக்கலாம்?

பத்து வரியைக் கையால் படித்தவருக்கு இயந்திரத்தின் தப்பு கண்ணில் படும். அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு தள்ளி வைத்தேன்.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்களில் இரண்டு பரவலாகப் பயன்படுகின்றன. டிரான்ஸ்கிரிபுஸ் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் வளர்ந்தது, பயன்படுத்த எளிது, ஓரளவுக்கு மேல் காசு கேட்கும். இ-ஸ்கிரிப்டோரியம் திறந்த மூல மென்பொருள், நிறுவுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். முதலில் பக்கத்தில் வரிகள் எங்கே ஓடுகின்றன என்று கண்டுபிடிக்கும், பிறகு ஒவ்வொரு வரியையும் எழுத்தாக மாற்றும்.

நம் சுவடியில் முதல் வேலையிலேயே இடறும். வரிகளுக்கு நடுவில் குறிப்புகள் நெருக்கமாக இருப்பதால், மூலத்தையும் குறிப்பையும் ஒரே வரியாகச் சேர்த்துவிடும், அல்லது குறிப்பைக் கண்டுகொள்ளாமலே போய்விடும். அதனால் தானாக வரும் கோடுகளை அழித்துவிட்டு, மூலத்துக்கு ஒரு வகை, குறிப்புக்கு ஒரு வகை என்று நீங்களே கோடு இழுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கம் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

அடுத்தது மாதிரியைத் தேர்ந்தெடுப்பது. ஒரு வகைக் கையெழுத்தைப் படிக்க மென்பொருளுக்குக் கொடுத்த பயிற்சியைத்தான் மாதிரி என்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கையெழுத்தில் பழகிய மாதிரி, 9ஆம் நூற்றாண்டு ஐரிஷ் கையைப் படிக்காது. காலமும் எழுத்து வகையும் நெருங்கிய மாதிரியை எடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே பழக்க வேண்டும், அதற்குச் சரிபார்த்த படியெடுப்பு சுமார் 5,000 முதல் 15,000 சொற்கள் வேண்டும் என்பது டிரான்ஸ்கிரிபுஸ் தரப்பே சொல்லும் கணக்கு. தரத்தைப் பிழை விழுக்காட்டில் சொல்வார்கள். ஆயிரம் எழுத்தில் ஐம்பது தப்பு என்றால் 5 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இருபது எழுத்துக்கு ஒரு தப்பு என்றால் கிட்டத்தட்ட மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு தப்பு. நீங்கள் கையால் படித்த பத்து வரியை இயந்திரத்தின் பத்து வரியோடு வைத்துப் பாருங்கள், அந்த எண்ணின் அர்த்தம் உடனே விளங்கும்.

எனக்கு அதிக பயம் வேறொன்றில். உளறலாக வரும் தப்பை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எழுத்தர் தவறாக எழுதிய சொல்லை இயந்திரம் சரியான லத்தீனாகத் திருத்திக் கொடுத்துவிட்டால் அந்தத் தவறு மறைந்துபோகும். சுவடி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் தடயமே அந்தத் தவறுதான். ஆகவே வழவழப்பாக வந்திருக்கும் வரியையும் படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

சரிபார்த்த உரையில் ஐயங்களைக் குறிக்க எளிய வழி, 1931இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட அடைப்புக்குறி முறை. நீங்கள் விரித்த சுருக்கம் வட்ட அடைப்புக்குள், அழிந்துபோன எழுத்து சதுர அடைப்புக்குள், ஐயமான எழுத்தின் கீழே ஒரு புள்ளி. பிறகு ஆய்வாக வளர்க்க விரும்பினால் டி.இ.ஐ. என்ற குறியீட்டு முறைக்கு மாறலாம். எது வரிக்கு மேல் சேர்த்தது, எது அடித்தது, எந்தக் கை எழுதியது என்று கணினி தேடக்கூடிய வகையில் பதிவு செய்யும் முறை அது. முதல் மாதத்தில் அதற்கு அவசரமில்லை.

பக்கத்தில் இன்னொரு பிரதி

பிரிஸ்கியனின் இலக்கணம் நூற்றுக்கணக்கான பிரதிகளில் தங்கியிருக்கிறது. ஐரிஷ் குறிப்புகளுள்ள வேறொரு பிரதி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில், ரெய்ஹெனாவ் மடத்துச் சேகரிப்பில் 132ஆம் எண்ணாக இருக்கிறது. லைடனில் உள்ள ஒன்றை 838இல் எழுதினவர் துவ்தாஹ் என்ற ஐரிஷ்காரர். நூலகங்கள் தங்கள் படங்களை டிரிபிள் ஐ எஃப் என்ற பொது விதிப்படி வெளியிட்டால், அந்தச் சுவடிக்கு மேனிஃபெஸ்ட் என்ற ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரிகளை மிராடோர் என்ற பார்வைச் செயலியில் இட்டால், இரண்டு நாட்டுச் சுவடிகள் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும். ஒரே இலக்கணப் பகுதியை இரண்டிலும் திறந்து, குறிப்புகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே ஒன்றில் மட்டும் இருக்கின்றன என்று பாருங்கள்.

பாடபேதம் பார்ப்பது நமக்குத் தெரிந்த வேலை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை வரி வரியாக ஒப்பிட்டார். அதே வேலையை கொலேட்-எக்ஸ் என்ற நிரல் சொல்லுக்குச் சொல் வரிசைப்படுத்தி அட்டவணையாகத் தரும். கொடுப்பதற்கு முன் எழுத்து வேறுபாடுகளைச் சீராக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பொருட்படுத்தத் தேவையில்லாத ஆயிரம் பேதங்களுக்குள் உண்மையான பத்து பேதம் புதைந்துவிடும். 1998இல் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் கான்டர்பரி கதைகளில் ஒரு பகுதியின் 58 பிரதிகளை, உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கும் மென்பொருளில் இட்டு எது எதிலிருந்து வந்தது என்று பார்த்தார்கள். பிழை தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது என்பதுதான் அந்த முறைக்கு அடிப்படை. ஆனால் ஒரே எழுத்தர் இரண்டு மூலங்களை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் இந்த வம்சமரம் குழம்பிப்போகும்.

திரை காட்டுவதும் காட்டாததும்

மங்கிய மையைப் படிக்க ஒரு சின்ன உத்தி: கிம்ப் போன்ற இலவசச் செயலியில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, நீலத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். பழுப்பு மை பல சமயம் அதில் எடுப்பாகத் தெரியும். பெரிய அளவில் இதைச் செய்த வேலைதான் ஆர்க்கிமிடீஸ் சுவடி. 10ஆம் நூற்றாண்டில் எழுதிய அவருடைய கணித நூல்களைச் சுரண்டிவிட்டு, 1229இல் அதே தோலில் பிரார்த்தனைகளை எழுதியிருந்தார்கள். பல அலைநீள ஒளிகளில் படமெடுத்தும், மையிலிருந்த இரும்பை எக்ஸ் கதிரால் தேடியும் அடியிலிருந்த எழுத்தை மீட்டார்கள்.

திரையில் ஏமாறும் இடம் அளவு. உள்ளங்கையளவு சுவடியும் மேசையளவு சுவடியும் ஒரே உயரத்தில் தெரியும். படத்தின் ஓரத்தில் அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள், சென்டிமீட்டர் கணக்கைக் குறித்து, அந்த அளவுக்கு ஒரு தாளை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோலின் மயிர்ப்புறம் எது, சதைப்புறம் எது, எந்த இலை எந்த இலையோடு மடித்துத் தைத்தது என்பதெல்லாம் படத்தில் பாதிதான் புலப்படும். அதற்கு நூலகத்தின் விவரப்பட்டியலை நம்புங்கள்.

இதே பழக்கத்தோடு தமிழ் ஏடுகளுக்கும் வரலாம். புதுச்சேரியில் வேலை பார்த்த எதுவார் ஆரியேல் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த ஓலைச்சுவடிகள் பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தின் தமிழ்ச் சுவடிகள் பலவற்றை காலிகா என்ற அதன் இணையத் தளத்தில் ஓலை ஓலையாகப் புரட்டலாம்.

இப்போது சாங்க்ட் காலனுக்கே திரும்பி, உங்கள் முதல் பயிற்சிக்கு 204ஆம் பக்கத்தைத் திறங்கள். ஓரத்தில், ஒரு நெடுங்கோட்டின் மேலும் கீழும் குறுக்கிலும் சின்னக் கோடுகள் நிற்கும். அது ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து. கோட்டுக்குக் கீழே இரண்டு, எல். குறுக்கே ஒன்று, ஏ. மேலே மூன்று, டி. மேலே ஒன்று, எச். குறுக்கே நான்கு, இ. குறுக்கே ஐந்து, ஐ. சாய்ந்த ஐந்து, ஆர். மறுபடி மேலே மூன்று, டி. சேர்த்துப் படித்தால் 'லாதெர்த்'. நேற்றைய மதுவின் களைப்பு என்று அதற்குப் பொருள். எண்ணி முடித்ததும் விரிதாளில் ஊர், நூலகம், 904, பக்கம் 204 என்று முதல் வரியை எழுதிவிடுங்கள்.